பொட்டு வைத்து அணைத்த பெட்டி

எங்கள் துறையில் மல்டிகாஸ்ட் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் ஒரே ஆள் நான்தான். நான் அதை ஆரம்பித்தாலே பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபது வருடமாகிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஏதாவது நின்றுவிட்டால் என்னைத் தவிர வேறு யாரும் ஞாபகம் வராது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, வெளியில் சொல்லாத பெருமையும் உண்டு.

மல்டிகாஸ்ட் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்குச் செய்தித்தாள் வருவதைப் போலத்தான். அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வீடு தனித்தனி ஆள் புறப்பட்டு வருவதில்லை. ஒரே கட்டாக வருகிறது, பிரிகிற முனையில் பிரிகிறது, கேட்ட வீட்டு வாசலில் மட்டும் விழுகிறது. அப்படியே ஓர் அறையில் கேமரா முன்னால் ஒருவர் பேசினால் அந்தப் படமும் குரலும் துறைக்குள் ஒரே ஓட்டமாக ஓடும். எந்தக் கணினி 'எனக்கு வேண்டும்' என்று கேட்கிறதோ அதன் கம்பியில் மட்டும், எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டி அதைத் திருப்பிவிடும். பெயர் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது. யார் பார்க்கிறார்கள் என்று பேசுகிறவருக்குத் தெரியாது. சுவிட்சுக்குத் தெரியும், அதுவும் இத்தனையாம் நம்பர் போர்ட், அதாவது அந்தக் கணினியின் கம்பி செருகிய துளை, என்ற அளவுக்குத்தான். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்.

அதை வேண்டும் என்று தேடிவந்து கேட்டவர் ஒருவர்தான். ஆடுகோடியிலிருந்து பஸ்ஸில் வரும் தற்காலிக விரிவுரையாளர், முப்பது வயதுப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், போர்டில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். தாலுகா ஊர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு எம்.சி.ஏ.வுக்கு வரும் பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கில் தடுமாறுவார்கள். அவர்களுக்காக மதியம் மூன்று மணிக்கு, வாரத்தில் மூன்று நாள், ஒரு தனி வகுப்பைத் துறைத் தலைவரிடம் மல்லுக்கட்டி வாங்கியிருந்தார். சம்பளத்தில் அதற்கு ஒரு பைசா கூட வராது. போன வருடம் நேரடி வகுப்பாக நடத்தினார், ஒருத்தரும் வரவில்லை. அந்த அறைக்குள் நுழைவதை மற்றவர்கள் பார்த்துவிட்டால் 'வீக் பேட்ச்' என்று பெயர் வந்துவிடுமாம்.

“அண்ணா, யார் பாக்கறாங்கன்னு எனக்கே தெரியாம கிளாஸ் எடுக்க முடியுமா?” என்று கேட்டார். மற்றவர்கள் முன்னால் நான் சார், தனியாக இருந்தால் அண்ணா.

“ஆன்லைன் மீட்டிங்ல எடுங்களேன் மேடம்.”

“அதுல பேரு வரும்ணா. பேரு வந்தா பசங்க ஓடிடுவாங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபது வருடமாக நான் கட்டிக்காத்து, ஒருவரும் சீண்டாத ஒன்றை, அதன் குணத்துக்காகவே ஒருவர் கேட்கிறார். அன்று மாலையே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் கேமராவைப் பொருத்தினேன். லேப்களில் எந்தக் கணினியிலும் ஒரு முகவரியைத் தட்டினால் வகுப்பு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து ஆளுக்குக் கூடத் தெரியாது.

துறைத் தலைவர் கன்னடக்காரர். நல்ல மனிதர், ஆனால் எண்ணைக் காட்டினால்தான் எதையும் நம்புவார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலையைத் தூக்காமலே “எஷ்டு ஜனா?” என்பார். எத்தனை பேர், எப்போது வந்து எப்போது போனார்கள் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த நேரமும் அறையும் வேறு வகுப்புக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. ஒன்பது பேர், பத்து பேர், ஒருநாள் பதினாலு. வகுப்பு முடிந்ததும் மேடம் மார்க்கர் கறை படிந்த கையோடு நேராக என் அறைக்கு வருவார். வாசலில் நின்றபடியே “இன்னிக்கு எத்தனை பேர்ணா?” என்பார். எண்ணைச் சொன்னதும் அந்த முகம் மலர்வதைப் பார்க்கவே நான் நாலு மணிக்கு டீ குடிக்கப் போகாமல் காத்திருப்பேன். காலி பெஞ்சுகளைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிற மனுஷிக்கு அந்த ஒரு எண்தான் கைமுதல்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். ஆனாலும் துறையில் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் பொறுப்புதான், வேறு யாரையும் சர்வர் அறைக்குள் விடமாட்டேன். அன்று ரேக்கின் அடித்தட்டில் ஒரு பழைய ரூட்டர் கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பே அதன் வேலைகளையெல்லாம் புதியதற்கு மாற்றியாகிவிட்டது. ஒரே ஒரு கேபிளோடு சும்மா முனகிக்கொண்டு கிடந்தது. தூசு தட்டி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சாத்தினேன். “உழைச்சது போதும், படு” என்று சொல்லி அணைத்தேன். சொல்லும்போது எனக்கே லேசாக மனம் இளகியது.

தசரா விடுமுறை முடிந்து வந்த முதல் வகுப்பில் மூன்று மணிக்கு ஒன்பது போர்ட்டுகள் வந்தன. ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்த வகுப்பில் நாலு பேர் வந்தார்கள், அவர்களும் நாலு நிமிடத்தில் போய்விட்டார்கள். என் மேசையில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறையில் மேடம் சிவப்பும் நீலமுமாகக் கோலிக்குண்டுகள் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துவந்திருந்தார். நிகழ்தகவு நடத்த. டப்பாவைக் குலுக்குகிறார், கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறார், “எல்லாரும் மனசுக்குள்ள ஒரு கலர் சொல்லுங்க” என்கிறார். எல்லாரும் என்றால் நான் ஒருவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாலு நிமிடம் கூட உட்கார முடியவில்லையே என்று பல்லைக் கடித்தேன். வாயில் வந்தபடி திட்டவும் செய்தேன்.

நாலு மணிக்கு அவர் வாசலில் வந்து நின்றார். குரல் கம்மியிருந்தது.

“எத்தனை பேர்ணா?”

“ஏழு” என்றேன். நான் யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

“கோலி கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமா இருக்குமோன்னு பயந்தேன்” என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று நான் டீ குடிக்கவே போகவில்லை.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். மேடம் தாளைக் கேட்டால்? தலைவர் சுவிட்சின் பட்டியலைக் காட்டு என்றால்? முதல் மாடி லேபில் அந்த நேரத்தில் யாரும் உட்காராத பன்னிரண்டு கணினிகள் இருந்தன. மூன்று மணிக்கு அவை தாமாகவே வகுப்பைக் கேட்க வேண்டும், நாலு மணிக்கு விலக வேண்டும் என்று ஒரு சின்ன நிரல் எழுதிப் போட்டேன். முதல் நாள் அவையும் நாலு நிமிடத்தில் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிட்டன. என் நிரலில்தான் ஏதோ ஓட்டை என்று நினைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும்படி மாற்றினேன். அப்புறம் உதிரவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொள்கிறவனுக்கு உறைக்கவில்லை. தப்பு செய்கிற அவசரத்தில் இருந்தேன்.

இப்படியே நாலு வாரம். திங்கட்கிழமைத் தாளில் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. தலைவர் தலையாட்டினார். மேடம் ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக ஏதாவது கொண்டுவந்தார். ஒருநாள் பஸ் டிக்கெட்டுகளை ஒட்டி அணிக்கோவை நடத்தினார். எனக்கே புரிந்தது.

பட்டியலில் ஒன்று மட்டும் என்னை எரிச்சல்படுத்தியது. கீழ்த்தள லேபில் இருபத்திரண்டாம் போர்ட். மூன்று மணி நாலு நிமிடத்துக்கோ ஐந்து நிமிடத்துக்கோ வரும், நாலு நிமிடத்தில் போகும், உடனே மறுபடி வரும், மறுபடி போகும். வகுப்பு முடிகிறவரை இதே கூத்து. கேபிள் லூஸாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். ஒழுங்காக இருக்கிற பட்டியலில் அது ஒன்று கண்ணை உறுத்தியது. ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்குச் சற்று முன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் போர்ட்டை மூடிவிட்டேன். சாவகாசமாகப் போய்க் கேபிளைப் பார்க்கலாம் என்று.

மூன்று பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு பெண் நின்றிருந்தாள். முதல் வருட எம்.சி.ஏ., தோளில் பை, கையில் நீள நோட்டு. படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

“சார், கீழ் லேப்ல அந்த மூலை சிஸ்டத்துல நெட்டு வர்ல சார்.”

“வேற சிஸ்டத்துல உக்காரும்மா. முப்பது இருக்குல்ல.”

“இல்ல சார், அந்த மூலைதான்...” என்று இழுத்தாள். “அங்கன்னா பின்னாடி யாரும் வந்து பாக்க மாட்டாங்க.” கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். “சீக்கிரம் சார், பிளீஸ். கிளாஸ் ஆரம்பிச்சிருப்பாங்க.”

போர்ட்டைத் திறந்துவிட்டு அவளோடு கீழே இறங்கினேன். மூலைக் கணினியில் உட்கார்ந்து முகவரியைப் பார்க்காமலே தட்டினாள். மேடம் வந்தார், கையில் ஒரு நீலக் கோலி. ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நான் குனிந்து நின்று கேட்டேன். நாலு நிமிடம் போயிற்று. மேடத்தின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. குரல் அறுந்தது. அந்தப் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மூடினாள், மறுபடி தட்டினாள், படம் வந்தது, எழுதத் தொடங்கினாள்.

“இது எப்பவும் இப்படியா?”

“ஆமா சார். நாலு நிமிஷம் ஓடும், அப்பறம் நிக்கும். மூடித் தெறந்தா வரும். நான் ரெடியா இருந்தா சீக்கிரம் வந்துடும், எழுதிட்டிருந்தா கொஞ்சம் போயிடும்.”

“எப்பலேர்ந்து?”

“தசரா லீவு முடிஞ்சதுலேர்ந்து சார். மூடித் தெறந்தா வரும்னு எனக்கே ரெண்டு கிளாஸ் கழிச்சுதான் தெரிஞ்சுது. மத்தவங்கல்லாம் இது ஆகாதுன்னு விட்டுட்டாங்க.”

“நீ ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறினாள். “சொன்னா, யாரு பாக்கறது, உன் பேரு என்னன்னு கேப்பாங்க. அப்பறம்... ஒருத்திக்காக எதுக்குன்னு நிறுத்திட்டா? எனக்கு இது வேணும் சார். இது இல்லன்னா அந்தப் பேப்பர் எனக்கு வராது.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண்ணின் நோட்டு, மழையில் முனை சுருண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் நடுவில் இரண்டு வரி காலி. ஒழுங்காக, ஸ்கேல் வைத்ததுபோல.

“இது என்ன?”

“அறுந்துபோன எடம் சார். ரெண்டு லைன் விட்டுடுவேன். வீட்டுக்குப் போயி என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சு எழுதிப்பேன். சிலது வரும். சிலது வராது.”

நிறைய வராமலே இருந்தது. நான் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 'தசரா லீவு முடிஞ்சதுலேர்ந்து' என்று அவள் சொன்னபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வயதுக்காரர்கள் படியேறுகிற வேகத்தில் நான் சர்வர் அறைக்கு ஏறினேன்.

அந்தப் பழைய பெட்டி அடித்தட்டில் அப்படியே இருந்தது. சாமந்தி காய்ந்து சருகாகியிருந்தது, குங்குமம் மட்டும் மங்கவில்லை. அதன் வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேனே, ஒரு வேலை மிச்சம் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது எல்லாக் கணினிகளையும் பார்த்து, 'இன்னும் யாராவது கேட்கிறீர்களா?' என்று விசாரிக்கும். கேட்கிற கணினி 'நான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அந்தப் பதிலை ஒட்டுக்கேட்டுத்தான் சுவிட்ச் படத்தைத் தொடர்ந்து அனுப்பும். விசாரிக்க ஆள் இல்லையென்றால் பதிலும் இல்லை. எல்லாரும் எழுந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து, சுவிட்ச் நாலு நிமிடத்தில் கையை விரித்துவிடும். விசாரிக்கிற அந்த ஒரு பெட்டிக்குத்தான் நான் பூ வைத்து ஓய்வு கொடுத்திருந்தேன்.

என் மேசைக்கு மட்டும் எப்போதும் படம் வரும்படி என்றோ நானே செய்துவைத்திருந்தேன். அதனால் எனக்கு ஒரு நாளும் அறுபடவில்லை. என் பொய்க் கணினிகள் யாரும் விசாரிக்காமலே கைதூக்கிக்கொண்டிருந்தன, அவற்றுக்கும் அறுபடவில்லை. அந்த நாலு வாரமும் வகுப்பு முழுசாகக் கிடைத்தது எனக்கும் ஆளில்லாத பன்னிரண்டு நாற்காலிகளுக்கும்தான். வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டு அவர்களையே திட்டியிருக்கிறேன். மிஞ்சிய ஒருத்தியை லூஸ் கேபிள் என்று வெட்டிவிடப் பார்த்தேன். பெட்டியை மறுபடி ஓடவிட்டேன். அது முனகத் தொடங்கியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

நாலு மணிக்கு மேடம் வந்து வாசலில் நின்றார். “எத்தனை பேர்ணா?”

“உள்ள வந்து உக்காருங்க மேடம்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பொட்டு, பன்னிரண்டு, ஏழு. ஒன்றையும் விடவில்லை. அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோலிகள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன.

“எனக்கு முன்னாடியே டவுட்டுதாண்ணா” என்றார் கடைசியில். “எச்.ஓ.டி. டேபிள்ல உங்க தாளப் பாத்தேன், டைம் போட்டிருக்கீங்க இல்ல? பன்னெண்டு பேரும் மூணு மணிக்கு டாண்ணு வராங்க, நாலு மணிக்கு டாண்ணு போறாங்க. நம்ம டிபார்ட்மெண்ட்ல அப்படி ஒரு பேட்ச்சா?”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க உண்மைய சொல்லிடுவீங்களே.”

அதற்கு மேல் என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. “ஒருத்தர் கூடவா இல்ல?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒருத்தர் இருக்காங்க” என்றேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். காலியாக விட்ட இரண்டிரண்டு வரிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் துப்பட்டாவை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்று கூடக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

“எந்தப் பாடத்துலேர்ந்து விட்டுப்போச்சு?”

“தசராவுக்கு அப்பறம் எல்லாமே.”

திங்கட்கிழமை நானே தலைவரிடம் போனேன். அவர் கேட்பதற்கு முன்பே தாளை வைத்தேன். அதில் ஒன்று என்று எழுதியிருந்தது. “ஒப்பரா?” என்றார், ஒரே ஒருவரா என்று. கண்ணாடியைக் கழற்றினார். பன்னிரண்டு என் கைவேலை, வகுப்பு அறுந்ததும் என் கைவேலை, மேடத்துக்கு இதில் எதுவும் தெரியாது என்று சொன்னேன். எனக்குச் சேர வேண்டிய வசவு சேர்ந்தது, குறைவில்லாமல். தேர்வு வரைக்கும் ஓடட்டும், அடுத்த செமஸ்டரில் அந்த நேரம் வேறு வகுப்புக்குப் போகும் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மேடத்திடம் சொன்னபோது, “இருக்கற வரைக்கும் எடுக்கறேண்ணா” என்றார். அன்று கேமரா முன்னால் நின்று, “தசராவுக்கு அப்பறம் நடத்தினத மொதல்லேர்ந்து திரும்ப நடத்தப் போறேன். மெதுவா போலாம். எழுதிக்க டைம் தரேன்” என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஒரு கணம் காத்திருந்தார். பட்டியலில் இருபத்திரண்டாம் போர்ட் மூன்று மணி நாலு நிமிடத்துக்கு வந்தது. நாலு மணி வரைக்கும் ஒரு தடவை கூட அசையவில்லை. நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு முந்தின கடைசி வகுப்பு. மூன்று மணி நாலு நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, எட்டு ஆயிற்று. பட்டியல் காலி. என் மேசையில் படத்தைத் திறந்து பார்க்கக் கூடத் தோன்றவில்லை. சர்வர் அறைக்கு ஓடினேன். பெட்டி உயிரோடுதான் இருந்தது, விளக்கு மின்னியது, விசாரித்துக்கொண்டேதான் இருந்தது. கீழ்த்தள லேபுக்கு ஓடினேன். மூலைக் கணினி அணைந்திருந்தது, நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டாளோ, உடம்புக்கு முடியவில்லையோ, எல்லாம் முடிந்து கடைசியில் அவளும் விட்டுவிட்டாளோ. ஆளில்லாத அறையில் மேடம் மறுபடி ஒருமுறை வரிக்கு வரி காத்துக்கொண்டு நிற்பாரே என்று நினைத்தபோது தாங்கவில்லை. இந்த முறை பொய் சொல்லக் கூடாது, நேரில் போய்ச் சொல்லிவிடுவோம் என்று மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

கதவு பாதி திறந்திருந்தது. மேடம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதல் பெஞ்சில், நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேடம் டப்பாவை அவளிடம் நீட்ட, அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கோலியை எடுத்தாள். சிவப்பு. இருவரும் சிரித்தார்கள். பிறகு மேடம் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“வாங்கண்ணா. நீங்களும் ஒண்ணு எடுங்க” என்றார்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நோட்டின் அந்தப் பக்கத்தில் காலி வரி இல்லை. அந்த வாரத் தாளில் கடைசி வகுப்புக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்த எண்ணையும் இவ்வளவு சந்தோஷத்தோடு எழுதியதில்லை.